ஏலக்காய் ஸ்டோரில் ஒரு எகிப்து ராணி

வாத்தியார் வேலையில் ஒரு பெரிய வசதி உண்டு. நாம் பேசுவதை யாரும் கேட்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஒரு பீரியட் முழுக்க விடாமல் பேச முடிகிறது. முன் பெஞ்சு ஜன்னலைப் பார்க்கும், பின் பெஞ்சு மணி எப்போது அடிக்கும் என்று பார்க்கும், நாம் பாட்டுக்கு அசோகருக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆபத்து எப்போது வருகிறது என்றால், என்றைக்காவது ஒரு பிள்ளை நாம் சொல்வதை உண்மையாகவே கேட்டுவிடும்போது. எனக்கு அது வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே நடந்தது.

நான் வேலந்தாவளத்துக்காரி. பாலக்காடு ஜில்லாவின் கிழக்குக் கோடி. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், சண்டை தமிழில் நடக்கும். அப்பாவுக்கு மாட்டுச் சந்தையில் தரகு வேலை. எங்கள் பக்கம் மழை ஒரு விருந்தாளி. வந்தால் சந்தோஷம், ஆனால் தங்காது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து சர்க்கார் உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு, இடுக்கியில் ஆனைக்கரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பிரிவுக்கு சமூக அறிவியல் டீச்சராகப் போய்ச் சேர்ந்தேன். ஜூன் மாதம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது விரித்த குடையை நவம்பரில்தான் மடக்கினேன்.

பிள்ளைகள் எல்லோரும் ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். தாத்தா காலத்தில் தெற்கேயிருந்து மலையேறி வந்த குடும்பங்கள். முதல் நாள் நான் வாயைத் திறந்து, "ஏனுங் கண்ணு, பொஸ்தகம் எங்க?" என்றதும் ஆறாம் வகுப்பு மொத்தமும் டெஸ்க்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சிரித்தது. அன்றைக்கே எனக்கு 'ஏனுங்க டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், அப்புறம் முகத்துக்கு நேராகவே.

எனக்கு அப்போது ப்ராஜெக்ட் பைத்தியம். பயிற்சி வகுப்பில் யாரோ ஒருவர், பிள்ளைகள் தங்கள் கையால் செய்ததை ஒருநாளும் மறக்க மாட்டார்கள் என்று சொல்லியிருந்தார். (அவர் சொன்னது உண்மை. மறந்திருந்தால் தேவலை.) மொகஞ்சதாரோ பாடத்துக்குக் களிமண் செங்கல் அறுத்தோம். வெயிலில் காய வைக்க வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. அந்த வெயில் எங்கே கிடைக்கும் என்று பாடத்தில் இல்லை. மறுநாள் காலையில் செங்கல் எல்லாம் கரைந்து மறுபடி களிமண்ணாகி, வராந்தா வழியாக ஹெச்.எம். அறைக்குள் போயிருந்தது. ஹெச்.எம். ஞானமணி சார் நிதானமான மனுஷர். செருப்பைக் கழற்றி உதறிவிட்டு, "டீச்சர், சிந்து நாகரிகம் எப்படி அழிஞ்சுச்சுன்னு இன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஓணப் பரீட்சைக்கு முன்னால் எகிப்து பாடம் வந்தது. பிரமிடு, நைல் நதி எல்லாம் முடித்து மம்மிக்கு வந்தபோது எனக்கு ஆவேசமே வந்துவிட்டது. கையை ஆட்டி, குரலை இறக்கி, ஏற்றி, வில்லுப்பாட்டுக்காரர் தோற்றுப்போகும்படி சொன்னேன்.

"ராஜா செத்துப்போனா நம்மளாட்டம் மண்ணுல பொதைக்க மாட்டாங்க. வயித்துக்குள்ள இருக்கறதையெல்லாம் எடுத்துப்போட்டு, உப்புல போட்டுக் காய வெச்சு, துணி சுத்தி, கல்லறைக்குள்ள வெச்சிருவாங்க. ஆயிரக்கணக்கான வருஷம் ஆனாலும் கெட்டுப்போகாது. மொகம்கூட அப்படியே இருக்கும்."

அருள் என்று ஒரு வாயாடி. வகுப்பின் அதிகாரபூர்வ எதிர்க்கட்சி. "அப்ப கருவாடு மாதிரியா டீச்சர்?" என்றான்.

"மகாராஜாவப் போயி கருவாடுங்கற!"

"செய்முறை அதுதான டீச்சர்? எங்கம்மாவும் இப்பிடித்தான் போடுவாக. துணி மட்டும் சுத்த மாட்டாக."

சிரிப்பு அடங்குவதற்குள் ஜன்னலோரத்தில் ஒரு கை உயர்ந்தது. ஸ்டெல்லா. அதுவரை வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை.

"எகிப்துல மழை பெய்யாதா டீச்சர்?"

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பூகோளத்தையும் சரித்திரத்தையும் சேர்த்து யோசிக்கிற மாணவி! "அருமையான கேள்வி!" என்று கத்திவிட்டு, போர்டில் பாலைவனம், மணல், வறண்ட காற்று என்று வரிசையாக எழுதித் தள்ளினேன்.

"அப்ப மண்ணுக்குள்ள தண்ணி இறங்கவே இறங்காதா டீச்சர்?"

"எறங்கவே எறங்காது கண்ணு. தோண்டத் தோண்டக் காஞ்ச மண்ணுதான்."

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஸ்டாஃப் ரூமுக்குப் போய், என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு என்ன பூகோள அறிவு தெரியுமா என்று இருந்தவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டேன். அவள் பூகோளம் கேட்கவில்லை என்று தெரிய எனக்கு இன்னும் சில நாள் பாக்கி இருந்தது.

திங்கட்கிழமை ஒரு கோழி வாங்கி வந்து மம்மி செய்யலாம் என்று அறிவித்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் நான் கடைக்குப் போவதற்கு முன்னாலேயே ஸ்டெல்லா ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். உள்ளே நியூஸ்பேப்பரில் சுற்றி ஒரு வெள்ளைக் கோழி. செத்துப்போய் அதிக நேரம் ஆகவில்லை.

"தானா செத்துருச்சு டீச்சர். வயசான கோழி. பேரு வெள்ளச்சி."

"ஊட்ல கேட்டியா?"

"ம்."

"யாரு வளத்தது?"

"எங்கம்மா."

நான் அந்தக் கோழியை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கி, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, முகம் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னேன்: "டீச்சர் ரொம்ப தேங்க்ஸ் சொன்னேன்னு அம்மாகிட்ட மறக்காமச் சொல்லோணும், என்ன?"

வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. அருள்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். என் பேச்சுக்கு இப்படி ஒரு அமைதி கிடைக்கிறதே என்று நான் பூரித்துப் போயிருந்தேன்.

"சொல்றேன் டீச்சர்" என்றாள் ஸ்டெல்லா.

மத்தியானம் வகுப்பைக் கடந்துபோன ஞானமணி சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர், நீங்க ஜூன்லதான வந்தீங்க. யாரும் சொல்லலை போல. அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்ல" என்றார்.

போன வருஷ மழையில் தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தபோது காற்றுக்கு ஒரு மரம் சாய்ந்து அவள் அம்மா மேல் விழுந்திருக்கிறது. பெட்டியை மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளைக்கு முகத்தைக் காட்டவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட வெட்ட ஊற்றெடுத்துக்கொண்டே இருந்ததாம். "அந்த மழை அப்பிடி. ஆளு மாத்தி ஆளு வாளியால அள்ளி ஊத்திட்டேதான் ஜெபம் பண்ணுனோம். அள்ளிட்டிருக்கும்போதே பெட்டிய இறக்க வேண்டியதாப் போச்சு. இந்தப் பிள்ளை அப்பன் கையப் புடிச்சிக்கிட்டு நின்னு பாத்துட்டே இருந்துச்சு" என்றார்.

எகிப்துல மழை பெய்யாதா டீச்சர். நான் போர்டில் எழுதியது அத்தனையும் என் கண் முன்னால் வந்தது. அருமையான கேள்வியாம்!

நியாயமாக அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தெரியாமல் பேசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லாதவர்கள் வாக்குறுதி கொடுப்பார்கள். நானும் கொடுத்தேன். சாயங்காலம் அவளை நிறுத்தி, "வெள்ளச்சி கெட்டுப்போக மாட்டா கண்ணு. டீச்சர் பொறுப்பு" என்றேன்.

"நெசமாவா டீச்சர்?"

"நெசமாத்தான்."

"மழை வந்தாலும்?"

"மழை வந்தாலும்."

அவள் என்னை ஒரு முழு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர்கள் யாராவது அவளிடம் இப்படி ஒரு உறுதி சொல்ல மாட்டார்களா என்று அவள் ஒரு வருஷமாகக் காத்திருந்திருக்கிறாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு, சொன்னதைச் செய்துவிட வேண்டும் என்கிற வெறி மட்டும்தான்.

சத்துணவு சமைக்கிற அக்காதான் கோழியைச் சுத்தம் செய்து கொடுத்தார். (குழம்புக்கு இல்லை என்று சொன்னதும் என்னைப் பார்த்த பார்வை, அதை விட்டுவிடுவோம்.) ஒரு பிளாஸ்டிக் வாளியில் உப்பைக் கொட்டி, வெள்ளச்சியை வைத்து, மேலும் உப்பைக் கொட்டி மூடினோம். எகிப்தில் இதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை, காத்திருந்தால் போதும். ஆனைக்கரையில் ஆகஸ்ட் மாதம் உப்பு ஜாடியில் ஸ்பூனைப் போட்டால் ரசம் மாதிரி ஊற்றலாம். மறுநாள் வாளியைத் திறந்தோம். வெள்ளச்சி நீந்திக்கொண்டிருந்தாள்.

தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிய உப்பு போட்டோம். அதுவும் கரைந்தது. மறுபடி போட்டோம். பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உப்பைத் தூக்கி வர ஆரம்பித்தார்கள். ஆறாம் வகுப்புப் பெற்றோர் வீடுகளில் அந்த வாரம் குழம்பு சப்பென்று இருந்ததாக அருள் தகவல் சொன்னான். வாசனை வேறு மெதுவாகத் தலைகாட்டியது. பட்டை, கிராம்பு என்று தூவி, ஞானமணி சாரின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினோம். அருள் அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் பெரிய கண் ஒன்றும், பாம்பும், பறவையும் வரைந்தான். ப்ராஜெக்ட் என்றால் லேபிள் வேண்டும் என்பது என் சட்டம். ஆகவே, 'வெள்ளச்சி மகாராணி. ஆறாம் வகுப்பு. வழிகாட்டி: கோமதி டீச்சர்' என்று குண்டு குண்டாக எழுதி ஒட்டினோம்.

எனக்கே நம்பிக்கை போய்விட்டது. அப்பாவுக்குப் போன் போட்டேன். மாடு தொடங்கிக் கோழி வரை அவருக்குத் தெரியாதது இல்லை.

"ஏனுங்ப்பா, ஒரு கோழியக் காய வெக்கோணும். எப்பிடீங்க?"

"ஏன் அம்மிணி, அங்க அடுப்பு கிடுப்பு இல்லியா?"

"திங்கறதுக்கில்லீங்ப்பா. செத்த கோழி. கெடாம வெச்சிருக்கோணும்."

அப்பா குரலை இறக்கிக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "அம்மிணி, ஒடம்பு கிடம்பு சரியில்லீன்னா ஒரு நாலு நாள் லீவு போட்டுட்டு ஊட்டுக்கு வந்துரு சாமி" என்றார்.

மறுநாள் வகுப்பில் ஈரக் கோழி மூட்டையைப் பார்த்துக்கொண்டு, தோல்வியை மறைக்க ஒரு ஹாஸ்யம் விட்டேன். "இது காயோணும்னா பாலைவனம் வேணும். நம்மூர்ல பாலைவனம்னா அது ஏலக்கா ஸ்டோர் ஒண்ணுதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஏலக்காய் ஸ்டோர் என்றால் கடை இல்லை. தோட்டத்திலிருந்து வரும் பச்சைக்காயை அடுப்பெரித்துக் காய வைக்கிற கட்டடம். அறைக்குள் கம்பி வலைத் தட்டுகளில் காயைப் பரப்பி, அடியில் குழாய் வழியாகச் சூடு ஓடும். மழைக்காலத்தில் அந்த ஊரிலேயே காய்ந்த இடம் அது ஒன்றுதான். அங்கே அடுப்பு பார்க்கிறவர் சேவியர் அண்ணன், ஸ்டெல்லாவின் அப்பா. எல்லோரும் சிரித்தபோது ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலையில் வாளி காலி.

உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அப்பாடா என்று இருந்தது. நாயோ நரியோ என் மானத்தைக் காப்பாற்றிவிட்டது. உடனே அந்தப் பீரியடில் எகிப்தின் கல்லறைத் திருடர்களைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். ராஜாக்களின் கல்லறைகளையே கொள்ளையடித்தார்கள், நம் வெள்ளச்சி எம்மாத்திரம் என்று முடித்தேன். ஸ்டெல்லாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் துக்கமே இல்லை. நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். என் பேச்சுத் திறமைதான் காரணம் என்று முடிவு செய்தேன்.

அதற்கு மறுநாள் அசெம்பிளி நடந்துகொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்துக்குள் ஜீப் வந்தது. முன்னால் ஸ்டோர் முதலாளி பாப்பச்சன். ஜீப்பின் பின்னாலேயே நடையும் ஓட்டமுமாகத் தோட்டத்து ஜனங்கள். கடைசியில், எல்லோரும் ஒதுங்கி வழிவிட, சேவியர் அண்ணன். அவர் இரண்டு கையிலும் ஒரு வெள்ளை மூட்டை. மூட்டையில் பெரிய கண். மழை ஸ்கெட்ச் பேனா மையைக் கரைத்துவிட்டிருந்ததால் அந்தக் கண் அழுதுகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். காலையில் ஸ்டோர் கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் ஆட்கள் பின்னால் விழுந்திருக்கிறார்கள். உள்ளே கடைசித் தட்டுக்கு அடியில், சூட்டுக் குழாயை ஒட்டி, கண்ணும் பாம்பும் போட்ட துணிமூட்டை. செய்வினை என்று ஒரு கூட்டம் ஓடிப்போய்ச் சர்ச்சிலிருந்து ஃபாதரைக் கூட்டி வந்து தீர்த்தம் தெளிக்க வைத்திருக்கிறது. தெளித்து முடித்தபின் ஃபாதர்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்திருக்கிறார். உலகத்திலேயே கையெழுத்துப் போட்டுச் செய்வினை வைத்தவள் நானாகத்தான் இருப்பேன்.

முதலாளி நேராக என் முன்னால் வந்து உள்ளங்கையை விரித்தார்.

"டீச்சரே, இதொந்நு மணத்து நோக்கிக்கே."

மோந்து பார்த்தேன். பச்சை மாறாமல் அழகாகக் காய்ந்த ஏலக்காய். அதிலிருந்து ஏலக்காய் வாசனையும் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வெள்ளச்சியும் வந்தாள். ஏலக்காய் பக்கத்தில் இருப்பதை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று எனக்கு யார் சொன்னது? அந்த வருஷத்து முதல் எடுப்பு அது. முதலாளியின் காய் மட்டும் இல்லை, ஊரில் கொஞ்சம் கொஞ்சம் செடி வைத்திருந்த அத்தனை பேரின் காயும் அங்கேதான் காய்ந்தது. வந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரு பிடி கையில் வைத்திருந்தார்கள். ஆளாளுக்கு என் மூக்கின் கீழே நீட்டினார்கள்.

"ஏனுங் மொதலாளி, நானு சொல்றதக் கேளுங்க. ரொம்ப வருஷத்துக்கு முந்தி எகிப்துலீங்க…"

"எகிப்தில் ஏலக்கா உண்டோ டீச்சரே?" என்றார் அவர்.

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. (இன்றுவரை தெரியாது.) அவர் சேவியர் அண்ணன் பக்கம் திரும்பினார். ஸ்டோர் அவர் பொறுப்பு, சாவி அவரிடம், ராத்திரி அடுப்புக்கு முன்னால் இருந்தது அவர். இனி ஸ்டோர் பக்கம் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லத் தொடங்கியது எனக்குப் புரிகிற அளவுக்கு மலையாளம் இருந்தது. சேவியர் அண்ணன் மூட்டையைக் கீழே வைக்கவே இல்லை.

அசெம்பிளி வரிசையிலிருந்து ஸ்டெல்லா வெளியே வந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியாது. நான்தான் வச்சேன். சாப்பாடு கொண்டு வந்தப்ப வச்சேன்."

சேவியர் அண்ணன் மூட்டையைக் குனிந்து பார்த்தார். அவருக்கு அப்போதுதான் லேபிளில் இருந்த பெயர் புரிந்தது.

"நம்ம வெள்ளச்சியா பாப்பா? காட்டுப்பூனை தூக்கிருச்சுன்னு நான் தோட்டமெல்லாம் தேடுனேனே."

"தானா செத்துருச்சுப்பா. சொன்னா பொதைச்சிருவீங்க." அவள் குரல் அதுவரை உடையவே இல்லை. "ஸ்டோர்ல காஞ்சா எப்பவும் கெடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. அம்மாவைத்தான் தண்ணிக்குள்ள வச்சிட்டோம். இதாவது காஞ்சிருக்கட்டும்னுதான்ப்பா."

சேவியர் அண்ணன் அப்படியே நனைந்த படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மூட்டை மடியில் இருந்தது. அவ்வளவு நாற்றத்தையும் சட்டை செய்யாமல் அதன்மேல் குனிந்து அழுதார். மனைவி செத்ததற்கு அவர் அழுது யாரும் பார்த்ததில்லை என்று அப்புறம் சொன்னார்கள். நானும் அழுதேன். என் பிள்ளைகள் முன்னால், ஊர் முன்னால், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். நான் அந்தப் பெண்ணுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, அவள் தாயின் குழியை மறுபடி மறுபடி தோண்டியிருக்கிறேன்.

பாப்பச்சன் முதலாளி விரித்த கையை மெல்ல மூடி, ஏலக்காயைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். போன வருஷம் அந்தக் குழியில் வாளி பிடித்தவர்களில் அவரும் ஒருவராம். கடைசி வாளி அவருடையதுதான் என்று ஞானமணி சார் என்னிடம் பிற்பாடு சொன்னார்.

"போட்டெ" என்றார். போகட்டும் என்று அர்த்தம். மறுபடியும், "போட்டெ, சேவியரே. எழுந்நேல்க்கு" என்று கையைக் கொடுத்துத் தூக்கினார். வந்திருந்த ஜனங்கள் கையிலிருந்த ஏலக்காயை என்ன செய்வது என்று தெரியாமல் அவரவர் மடியில் கட்டிக்கொண்டார்கள்.

வெள்ளச்சியை ஸ்டோரின் விறகுக் கொட்டகைக்குள், அடுப்புச் சுவரை ஒட்டிப் புதைத்தார்கள். சேவியர் அண்ணன்தான் தோண்டினார். அந்த இடத்து மண்ணை அள்ளி மகள் கையில் கொடுத்தார். வெதுவெதுப்பாக, பொலபொலவென்று, நிஜமாகவே காய்ந்த மண். "பாத்தியா, இங்க எப்பவும் சூடுதான்" என்றார்.

ஸ்டெல்லா அந்த மண்ணை விரலிடுக்கில் விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அம்மாவுக்கு?"

முதலாளி கொட்டகை மூலையைக் கைகாட்டினார். ஸ்டோருக்குக் கூரை மாற்றியபோது கழற்றிய பழைய தகரங்கள் அங்கே சுவரில் சாய்ந்து நின்றன.

சனிக்கிழமை நாங்கள் அந்தத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு ஊர்வலம் போனோம். மழைக்கு அதையே தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஆறாம் வகுப்பு முழுவதும். ஃபாதர் ஒரு முறை வானத்தையும் ஒரு முறை எங்களையும் பார்த்துவிட்டு, "கல்லறைக்குக் கூரை போடக்கூடாதுன்னு நான் எங்கயும் படிச்சதில்ல" என்று குடையோடு நின்றுகொண்டார். சேவியர் அண்ணனும் ஞானமணி சாரும் நான்கு கம்பம் நட்டார்கள். இரண்டு பக்கமும் சரிவாகத் தகரம் வேய்ந்து, சுற்றி வாய்க்கால் வெட்டினோம். நான் வாங்கிய பயிற்சிக்கெல்லாம் அந்த வருஷம் ஒழுங்காக முடிந்த ஒரே ப்ராஜெக்ட் அதுதான். அருள் தள்ளி நின்று பார்த்துவிட்டு, வழக்கமில்லாத மெல்லிய குரலில், "பிரமிடு டீச்சர்" என்றான்.

தகரத்தின் மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா கூரைக்கடியில் போய் மண்டியிட்டு, சிலுவைக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னாள். மழைச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

"அம்மா, டீச்சர் தேங்க்ஸ் சொன்னாங்க. கோழிக்கு."

அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் அவள் தினமும் அங்கே போய் மண்ணில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். ஒரு நாள் காலையில் ஓடி வந்து, "காஞ்சிருச்சு டீச்சர்" என்றாள். அந்த மலையில் தண்ணீர் மேலிருந்து மட்டும் இறங்காது, பக்கவாட்டிலும் ஊறும் என்று பூகோளம் நடத்துகிற எனக்குத் தெரியும். சொல்லவில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் வாய்வரை வந்த ஒரு பாடத்தை நான் விழுங்கியது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருஷம் விற்காத ஏலக்காயை ஊரே வீட்டில் வைத்துக் குடித்துத் தீர்த்தது. யார் வீட்டுக்குப் போனாலும் எனக்கு மட்டும் ஏலக்காய் டீ. மறுத்தால், "டீச்சர் எகிப்து டீ குடிக்க மாட்டாகளா?" என்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாற்றல் வாங்கி இப்போது எங்கள் ஜில்லாவிலேயே கோபாலபுரத்துப் பக்கம் வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பாயசத்தில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஏலக்காயையும் மோந்து பார்த்து, "இது கோழிக்காயா, நல்ல காயா?" என்று கேட்பார். அப்பாவோ, நான் எதைத் தொடங்கினாலும், வீடு கட்டினாலும் வடகம் பிழிந்தாலும், ஒரே கேள்விதான்: "ஏன் அம்மிணி, கோழி காஞ்சுதா?" என் பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள்.

ஸ்டெல்லா கோயம்புத்தூரில் நர்சாக இருக்கிறாள். மழை தொடங்குவதற்கு முன்னால் லீவு போட்டு ஊருக்குப் போய்விடுவாள். தகரம் துருப்பிடித்திருந்தால் அப்பாவும் மகளும் மாற்றுவார்கள். போன மாதமும் போனில் ஒரு படம் வந்தது. புதுத் தகரம், பக்கத்தில் தலை நரைத்த சேவியர் அண்ணன். கீழே, "உள்ள காஞ்சுதான் இருக்கு டீச்சர்" என்று எழுதியிருந்தாள்.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு, "டீச்சர் தேங்க்ஸ் சொன்னேன்னு அம்மாகிட்ட மறக்காமச் சொல்லோணும், என்ன?" என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

"சொல்றேன் டீச்சர்."